மறுப்புக்கும் கணக்கு எழுதுங்கள்

(திருப்பூரில், பின்னலாடை நிறுவன ஊழியர்கள் நிறைந்த அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பின்வரிசையில் சிலர் கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்குகிறது. சாயங்கால மீட்டிங்கை முடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வந்து உட்கார்ந்தால் இங்கேயும் ஒரு மீட்டிங். அதுவும் எதைப் பற்றி? மீட்டிங்கைப் பற்றி! உங்கள் பொறுமைக்கு முதலில் ஒரு கும்பிடு.

இன்று நான் பேச வந்தது இரண்டு தொல்லைகளைப் பற்றி. மணிக்கணக்கில் பேசியும் ஒன்றுமே முடிவாகாத கூட்டங்கள் ஒரு தொல்லை. யார் எந்த யோசனையைச் சொன்னாலும் "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லும் மேனேஜர் இன்னொரு தொல்லை. இரண்டும் தனித்தனி நோய் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கட்சி. அந்த வேரைக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு வேடிக்கையிலிருந்து தொடங்குகிறேன். 1944 ஜனவரி. இரண்டாம் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பு ஒரு சிறு கையேட்டைத் தயாரித்தது. எதிரியின் பிடியில் இருக்கும் நாடுகளில் வாழும் சாதாரண மக்கள், கையில் துப்பாக்கி இல்லாமல், வெடிகுண்டு இல்லாமல், எதிரியின் வேலையை எப்படிக் கெடுக்கலாம் என்று கற்றுக்கொடுக்கும் கையேடு அது. இயந்திரத்தை எப்படித் தேய வைப்பது, கருவிகளை எப்படி மழுங்கடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அலுவலகங்களுக்கு வருகிறது. அங்கே என்ன யோசனை சொல்கிறது தெரியுமா?

எந்த விஷயம் வந்தாலும் ஒரு குழுவிடம் தள்ளிவிடு. அந்தக் குழுவில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். சம்பந்தமில்லாத விஷயங்களை இழு. கடிதத்தின் ஒரு வார்த்தைக்காக மல்லுக்கட்டு. போன கூட்டத்தில் முடிவானதை மறுபடி கிளறு. நீண்ட பிரசங்கம் செய். "அவசரப்பட வேண்டாம், நிதானமாக இருப்போம்" என்று எல்லோருக்கும் புத்தி சொல். "இதை முடிவு செய்ய நமக்கு அதிகாரம் இருக்கிறதா, மேலிடம் என்ன சொல்லுமோ" என்று கவலைப்படு. அவசரமான வேலை காத்திருக்கும்போது பார்த்துக் கூட்டத்தைப் போடு!

கேட்கிறேன், இதில் எது நம் திங்கட்கிழமை மீட்டிங்கில் நடக்கவில்லை? எதிரியை முடக்க உளவாளிகள் தீட்டிய திட்டத்தை, சம்பளம் கொடுத்து, டீயும் போண்டாவும் கொடுத்து, நாமே நம் கம்பெனியில் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம். சிரிக்கிறீர்கள். முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. அங்கே மேனேஜர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் போலும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சி. நார்த்கோட் பார்க்கின்சன். நம் தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1957-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு நிதிக்குழுக் கூட்டம் வருகிறது. கற்பனைக் கூட்டம்தான். முதலில் ஒரு கோடி பவுண்டு செலவில் அணு உலை. பெரும்பாலோருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்கும் மனமில்லை. இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் ஆகிவிடுகிறது. அடுத்தது குமாஸ்தாக்களுக்கு ஒரு சைக்கிள் நிறுத்துமிடம். கூரைக்கு அலுமினியமா, வேறு தகடா? முக்கால் மணி நேரம் விவாதம். அதற்கும் அடுத்து, கூட்டத்தில் கொடுக்கும் காபிச் செலவு. அதற்கு ஒன்றே கால் மணி நேரம்!

ஏன் இப்படி? தெரியாத விஷயத்தில் வாய் திறந்தால் மாட்டிக்கொள்வோம். காபியைப் பற்றி என்ன பேசினாலும் யாரும் நம்மைக் கேள்வி கேட்கப்போவதில்லை. பொறுப்பு எங்கே இல்லையோ, பேச்சு அங்கே ஓடிப் போய் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த மேனேஜரிடம் வருவோம். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டாத அந்த மனிதர். அவர் சொல்லும் பதில்கள் உங்களுக்கு மனப்பாடம். "பட்ஜெட் இல்லை." "இதை அன்னைக்கே ட்ரை பண்ணிப் பார்த்தாச்சு." "ஷிப்மெண்ட் முடியட்டும், பார்க்கலாம்." "முதலாளி ஒத்துக்க மாட்டாரு." "உன் வேலையை மட்டும் பாரு."

அவர் முட்டாளா? இல்லை. முட்டாளாக இருந்தால் அந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டார். அவர் கெட்டவரா? பெரும்பாலும் இல்லை. பின் ஏன்? நண்பர்களே, அவருடைய நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் யோசனைக்கு அவர் "சரி" என்கிறார். அது தோற்றுப்போனால் முதலாளி யாரைக் கூப்பிடுவார்? அவரைத்தான். "யாரைக் கேட்டு இதைச் செய்தீங்க?" என்று நிற்க வைத்துக் கேட்பார். அதே யோசனைக்கு அவர் "வேண்டாம்" என்கிறார். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அந்த யோசனையால் வந்திருக்கக்கூடிய லாபத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத லாபத்துக்கு யார் கணக்குக் கேட்பது? "சரி" என்ற சொல்லுக்கு நம் கம்பெனிகளில் கணக்கு உண்டு. "வேண்டாம்" என்ற சொல்லுக்குக் கணக்கே கிடையாது. கணக்கில்லாத கடையில் யார்தான் தாராளமாக இருக்க மாட்டார்கள்?

கணக்கில்லாத "வேண்டாம்" ஒன்றுக்கு உதாரணம் சொல்கிறேன். 1975-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரம். கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் ஒரு பெட்டியைச் செய்தார். சுமார் 3.6 கிலோ எடை. ஃபிலிம் இல்லாமல் படம் எடுக்கும் பெட்டி. ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 வினாடி. அதை டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும். கையோடு எடுத்துச் செல்லக்கூடிய உலகின் முதல் டிஜிட்டல் கேமரா அதுதான். மேலாளர்கள் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, வெளியே யாரிடமும் சொல்லாதே என்ற தோரணையில் முடிந்துபோனது என்று சாசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது.

அந்த மேலாளர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் திட்ட மாட்டேன். 1975-இல் ஃபிலிம் விற்றுக் கொட்டிய பணத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வருடக் கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி. அந்தக் கம்பெனி பின்னால் டிஜிட்டல் கேமராவும் செய்தது, அந்தப் பெட்டிக்கு வாங்கிய காப்புரிமையால் காசும் பார்த்தது. ஆனால் என் கேள்வி வேறு. அன்றைக்குச் சொன்ன அந்த "வேண்டாம்" யார் கணக்கில் எழுதப்பட்டது? ஐந்து வருடம் கழித்து யாராவது அந்தத் தாளை எடுத்து, "இந்தக் காரணம் சொல்லி மறுத்தோமே, அந்தக் காரணம் இன்னும் செல்லுமா?" என்று கேட்க அங்கே ஏதாவது வழி இருந்ததா?

கேமராவில் போனது பணம். உயிர் போன கதை ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு மீட்டிங்கின் கதைதான்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். ராக்கெட் பூஸ்டரைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் பொறியாளர்கள் யூட்டா மாநிலத்தில் இருக்கிறார்கள். நாசா அதிகாரிகள் வேறு இரண்டு ஊர்களில். தொலைபேசியிலேயே கூட்டம். பூஸ்டரின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போகும், சூடான வாயு கசியும், கிளப்பாதீர்கள் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். ரோஜர் பாய்ஜாலி என்ற பொறியாளர் ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்.

நாசா தரப்பு இந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டது. கம்பெனிக்காரர்கள், ஐந்து நிமிடம் கொடுங்கள், எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது. பாய்ஜாலியும் இன்னொரு பொறியாளரும் எழுந்து வந்து, மேலாளர்கள் முன்னால் படங்களைக் காட்டி மன்றாடினார்கள். பதில் இல்லை. பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து மூத்த நிர்வாகி ஒருவர், உன் இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மெண்ட் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். கடைசியில் நான்கு நிர்வாகிகள் மட்டும் கருத்துச் சொல்லி முடிவெடுத்தார்கள். பொறியாளர்களை யாரும் கேட்கவில்லை. மறுநாள் கிளம்பிய 73 வினாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் உண்டு. முடிவெடுத்த பிறகு, அதைக் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னது நாசா. ஏவுதளத்தில் இருந்த கம்பெனிப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். யூட்டாவிலிருந்த மேலாளர் ஒருவர் கையெழுத்திட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். பின்னால் விசாரணைக் குழு உட்கார்ந்தபோது எது பேசியது? இந்தக் காகிதங்கள் பேசின. பாய்ஜாலி எழுதியது பேசியது, மெக்டொனால்டுக்குப் பதில் வேறொருவர் கையெழுத்திட்ட அந்த ஃபேக்ஸ் பேசியது. வாயால் சொன்னது மட்டுமே மிச்சமாக இருந்திருந்தால், யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவை விடுங்கள், நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டியவை. ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை என்றவுடன் உங்களுக்கு நினைவு வந்துவிடும். ஜனநாயகம் என்று மேடைக்கு மேடை முழங்கிவிட்டோம். அந்தச் சபை பிராமணர்களுக்கு விட்ட ஊரின் சபை, நிலமும் படிப்பும் இருந்தவர்களுக்கே அதில் இடம் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறோம். அது இருக்கட்டும். கூட்டம் நடத்துகிறவர்கள் அதில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி. அவ்வளவுதான். ஏரி வாரியத்தில் உட்கார்ந்து பொன்னைப் பற்றிப் பேச வேண்டிய வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது! அவன் நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது!

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்தார்கள், கணக்குக் காட்டாதவனுக்கு அடுத்த முறை நாற்காலி கிடையாது என்று. நம் கம்பெனியில் மீட்டிங் மினிட்ஸ் எழுதுகிறோம். போன வாரத்து "பெண்டிங்" இந்த வாரத்துக்கு வரும். இந்த வாரத்தது அடுத்த வாரத்துக்குப் போகும். தேதி மட்டும் மாறும். யார் கணக்கில்?

சரி, வழி என்ன? நம் ஊரிலேயே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். செக்கிங்கில் ஒரு அக்கா சூப்பர்வைசர். பீஸெல்லாம் தைத்து முடிந்து அவர் மேஜைக்கு வந்த பிறகுதான் தப்புத் தெரிகிறது. வாஷ்கேர் லேபிள் இடது பக்கத் தையலில் வர வேண்டும், வலது பக்கத்தில் வந்திருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ஏன் இந்தத் தப்பு? பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் மாடியில் மெர்ச்சண்டைசர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. பவர்டேபிளில் தைக்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்த அக்கா மீட்டிங்கில் கேட்டார். "ஏனுங் சார், அந்தச் சாம்பிளை லைன்லயே ஒரு ஆணி அடிச்சு மாட்டி வெச்சா என்னங்க?"

"தொலைஞ்சு போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? வேண்டாம், வேண்டாம்."

அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். கேன்டீன் டீயில் சர்க்கரை கம்மி என்று ஒரு பெரிய விவாதம். நம்மில் பலர் அந்த இடத்தில் என்ன செய்வோம்? "இந்த ஆளிடம் சொல்றதும் சுவத்துக்கிட்டச் சொல்றதும் ஒண்ணு" என்று பக்கத்து மேஜையில் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த அக்கா அப்படிச் செய்யவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து மேனேஜர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனார். கையில் ஒரு நோட்டு.

"சார், நீங்க சொன்னது சரிதானுங்க. தொலையக் கூடாது. ஒரே ஒரு லைன்ல, இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் மாட்டிப் பாக்கலாமுங்க. காலையில நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறனுங்க, சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறனுங்க. இல்ல, இதுவும் வேண்டாமுன்னா, என்ன காரணமுன்னு இந்த நோட்டுல ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அடுத்த தடவ பிரிச்சுத் தைக்கறப்ப முதலாளி கேட்டா நான் காட்டணுமுங்க."

கவனித்தீர்களா? அவர் சத்தம் போடவில்லை. மரியாதை குறையவில்லை. ஆனால் அதுவரை இலவசமாக இருந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அந்த நிமிடத்தில் ஒரு விலை வந்துவிட்டது. மேனேஜர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "சரி, ஒரு லைன் மட்டும்" என்றார்.

முதல் நாளே சாம்பிளில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. மேனேஜர் எகிறினார். அடுத்த நாள் அதைக் கண்ணாடிக் கவரில் போட்டு மாட்டினார்கள். லேபிள் தப்பு அந்த லைனில் நின்றது. தையல் பிசிறு போன்ற மற்றத் தப்புகள் அப்படியேதான் இருந்தன. ஒரு சாம்பிள் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. பிறகு மற்ற லைன்களிலும் மாட்டினார்கள். பையர் வந்தபோது மேனேஜர் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார் என்பது தனிக் கதை. அக்காவிடம் கேட்டேன், கோபம் வரவில்லையா என்று. "வந்துச்சுங்க. ஆனா தேதி என் நோட்டுல இருக்குதுங்க" என்றார்.

நண்பர்களே, இதில்தான் எல்லாம் இருக்கிறது. நாலு பேர் முன்னால் ஒரு மேனேஜர் சொன்ன சொல்லை மாற்றச் சொன்னால் அவர் மாற்ற மாட்டார். நீங்களும் மாற்ற மாட்டீர்கள், நானும் மாற்ற மாட்டேன். ஆகவே பெரிய யோசனையை மீட்டிங்கில் முதல் முறையாக அவிழ்க்காதீர்கள். முன்னாலேயே தனியாகப் போய்ச் சொல்லுங்கள். ஷிப்மெண்ட் அன்றைக்குப் போகாதீர்கள். முழுக் கம்பெனியையும் மாற்றச் சொல்லாதீர்கள்; ஒரு லைன், ஒரு வாரம், ஒரு ஆர்டர் என்று கேளுங்கள். தோற்றால் சேதம் எவ்வளவு என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அவருடைய பயத்தைப் பாதியாக்கிவிட்டால் அவருடைய மறுப்பும் பாதியாகிவிடும். தர நிர்வாகத்தின் தந்தை என்று போற்றப்படும் டெமிங், நிர்வாகிகளுக்கு வகுத்த 14 கோட்பாடுகளில் பயத்தை விரட்டு என்பதையும் ஒன்றாக வைத்தார். அவர் பெயரால் ஜப்பானில் வழங்கும் விருதை 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது நம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எழுது, எழுது என்கிறாயே, எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தால் வேலை எப்போது நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் முதலில் சொன்ன அந்த உளவாளிக் கையேடே, எதற்கெடுத்தாலும் எழுத்தில் உத்தரவு கேள் என்பதையும் வேலையைக் கெடுக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் சொல்கிறது! ஆகவே பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. அமேசான் கம்பெனியில் 2004 முதல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் மௌனமாகப் படித்துவிட்டுப் பேசத் தொடங்கும் வழக்கம் வந்தது. நல்ல வழக்கம்தான். நம் ஊரில் ஆறு பக்கம் எழுத யாருக்கு நேரம்? எனக்கு ஒரு வரி போதும். யோசனை என்ன, முடிவு என்ன, மறுத்திருந்தால் காரணம் என்ன, மறுபடி எப்போது பார்ப்போம். தமிழிலேயே எழுதுங்கள். மீட்டிங் முடியும்போது அந்த வரி எழுத முடியவில்லை என்றால் அங்கே மீட்டிங் நடக்கவில்லை, டீ குடித்தல் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோசனை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் ஓரவஞ்சனை செய்தவன் ஆவேன். நாம் சொல்வதெல்லாம் நல்ல யோசனை இல்லை. கட்டிங்கில் இருப்பவர் அயர்னிங்குக்கு யோசனை சொல்வார். அயர்னிங்கில் இருப்பவர் பேக்கிங்குக்குச் சொல்வார். அடுத்தவன் தலையில் வேலை ஏற்றும் யோசனைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. எழுதிக் கேட்டால் உங்கள் யோசனையின் ஓட்டையும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அசையாத மேனேஜர் உண்டு. அவரை நான் மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். விஷயம் லேபிள் என்றால் விட்டுவிடலாம். தீ, மின்சாரம், பாய்லர், ஆள் உயிர் என்றால் விடக் கூடாது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவருக்கு மேலே இருப்பவருக்கு அனுப்புங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பாய்ஜாலி மாதிரி நீங்களும் தோற்கலாம். ஆனாலும் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். வருடம் முடிந்ததும் உங்கள் மேனேஜரைக் கூப்பிட்டு, எத்தனை பீஸ் அனுப்பினாய், எவ்வளவு டாமேஜ் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த வருஷம் ஆட்கள் சொன்ன யோசனைகளில் எதை எதை மறுத்தாய்? ஏன்?" அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காசு செலவில்லை. வருகிற வருடக் கணக்கு முடிக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.